புரட்டாசியில் ஜிலேபி

மூன்றே கால் மணிக்கு
டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு
ஹைலக்ஸை மணலுக்குள் திருப்பினான் சேசடிமை.
பின்னால் இரண்டு தூண்டில், ஒரு பக்கெட்,
இரைக்கு நேற்றைய குபூஸ்,
கூடவே விரதக்காரன் நான்.

ஹுஃபூஃபின் விளக்குகள்
ஈச்சந்தோப்புகளுக்குள் தாழ்ந்துபோயின.
தெற்கே மணல்மேட்டின் விளிம்பில்
அப்போதுதான் ஏறியிருந்தது ஒரு நட்சத்திரம்.
"சுஹைல்" என்றான் மொஃபிஸ்.
தோட்டத்து முதலாளி காட்டிக்கொடுத்ததாம்.
அது வந்துவிட்டால் வெயிலுக்கு இடுப்பு ஒடியும்.
எங்களுக்கு அவர் அகத்தியர் என்றேன்,
கடலைக் குடித்தவர்.
"முழுசாவா?"
முழுசாக.
"அப்போ மீனெல்லாம்?"
அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

வெயிலுக்கு இடுப்பு ஒடிந்ததோ என்னவோ,
பதினைந்தாம் தேதியோடு
எங்கள் மதிய ஓய்வு முடிந்துவிட்டது.
குளிர்காலம் வந்துவிட்டதாகக் கணக்கு.
நேற்று நண்பகல் நாற்பத்து மூன்று.

அஸ்ஃபர் ஏரிக்கு ஆறு கிடையாது.
பேரீச்சை குடித்து மிஞ்சியது
வாய்க்கால் வாய்க்காலாக வடிந்து
நான் நிற்கும் நான்காம் பம்ப்பைத் தாண்டி
இங்கே வந்து
அக்கரை தெரியாமல் கிடக்கிறது.
பதினொரு வருஷம் நான் தள்ளிவிட்ட தண்ணீர்.
மீட்டரைப் பார்த்து எழுதும்போதெல்லாம்
அது எங்கேயோ போய்ச் சேர்கிறது என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

சேசடிமை குளச்சல்காரன்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.
"உப்புமில்ல, இல்லாமலுமில்ல.
இது என்ன மாதிரி வெள்ளமாக்கும்?"
அலையடிக்காத நீரில் அவனுக்கு நம்பிக்கை இல்லை.
தூண்டிலை வீசிவிட்டு
பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவன்போல
தலையைச் சாய்த்தபடியே நின்றான்.

இரண்டு இரவு குளிர்ந்ததில்
ஆழத்தை விட்டு நாணல் ஓரத்துக்கு வந்திருந்தன ஜிலேபிகள்.
விடிவதற்குள் பதினாறு.
ஒவ்வொன்றையும் பக்கெட்டில் போடும்போது
"இதெல்லாம் ஒரு மீனா" என்றான்,
பதினாறு முறையும்.

செண்பகம் சனிக்கிழமைதோறும் போனில் கேட்பாள்,
நாக்கைக் கட்டினீர்களா என்று.
கையைப் பற்றிக் கேட்டதில்லை.
அந்தத் தைரியத்தில்தான்
சேசடிமை சிகரெட் பிடிக்க மேடேறியபோது
அவன் தூண்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.
சும்மா. பிடித்துக்கொள்ள மட்டும்.

தக்கை அமுங்கவேயில்லை.
நூலைச் சுருட்டும்போது கனத்தது.
பக்கத் துடுப்பில் கொக்கி மாட்டி
குறுக்காக வந்தாள் ஒருத்தி,
உள்ளங்கை அகலம்,
வாயை இறுக்கி மூடியபடி.

மொஃபிஸ் ஓடிவந்தான்.
மைமன்சிங்கில் மீன்குட்டையில் வளர்ந்தவன்.
"இறக்கு, தண்ணிக்குள்ளே இறக்கு.
வாய்க்குள்ளே குஞ்சு வெச்சிருக்கா.
குஞ்சு பெருக்கிற வரைக்கும் ஒண்ணும் தின்ன மாட்டா."

எத்தனை நாளாகப் பட்டினி என்று
கேட்க நினைத்து, கேட்கவில்லை.
கணுக்கால் ஆழத்தில் கொக்கியைக் கழற்றினேன்.
அந்தப் பதற்றத்தில் வாயைத் திறந்தாள்.
கடுகைக் கொட்டியதுபோல
ஐம்பதோ அறுபதோ, ஒவ்வொன்றும் இரண்டு கண்.
அவள் நாணலுக்குள் போய்விட்டாள்.

மொஃபிஸ் நிமிர்ந்து தெற்கே பார்த்தான்.
வானம் வெளுத்து, நட்சத்திரம் எங்கேயென்று தெரியவில்லை.
"உங்க ஆளும் இப்படித்தான் வெச்சிருந்திருப்பார்" என்று சிரித்தான்,
அரபியும் இந்தியும் பாதிப்பாதியாக.

அதற்குள் அவை
என் ரப்பர் பூட்ஸின் நிழலுக்கு வந்துவிட்டிருந்தன.
இருட்டாக எது இருந்தாலும் வாய் என்று நினைக்கும்,
தாய் திரும்புகிறவரை
அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும் என்றான் மொஃபிஸ்,
பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே.

மேட்டின் மேலிருந்து
ஹாரன் அடித்தான் சேசடிமை.
மீன் வெயிலில் கெட்டுவிடும், வா.

இன்னொரு முறை அடித்தான்.

எந்தக் காலை முதலில் எடுப்பது என்று தெரியாமல்
நான் நின்றுகொண்டிருந்தேன்.